கொட்டகையில் அடித்த மணி

புதுப் போன்கள் வந்து இறங்கிய அன்று சியோசையா செய்த முதல் காரியம், பெட்டியைப் பிரிக்காமலேயே அதன்மேல் கைவைத்து ஜெபம் பண்ணியதுதான். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு அலுவலகம் நடத்துகிறவருடைய பழைய போன் கம்பியை உப்புக்காற்று அரித்துத் தின்றுவிட்டிருந்தது. ஆக்லாந்திலிருந்து தீவுக்கு ட்ரம்மில் சாமான் அனுப்பியவர்கள் யாராவது கூப்பிட்டு, "எங்க ட்ரம் வந்து சேர்ந்துச்சா?" என்று கேட்டால், இந்தப் பக்கத்திலிருந்து கொரகொரவென்று ஒரு சத்தம்தான் போகும். அவர்கள் ட்ரம் கடலோடு போய்விட்டது என்று முடிவுகட்டி, போனிலேயே ஒப்பாரி வைத்துவிடுவார்கள்.

"மனாசே, இது இன்டர்நெட்ல ஓடுற போன். நீதான் மாட்டணும்," என்றார் சியோசையா.

"நான் கொட்டகை ஆளுங்க முதலாளி."

"கொட்டகை ஆளுன்னா கை இல்லையா? வாசல்ல கேமரா மாட்டினது யாரு, உங்க சித்தப்பாவா?"

மனாசே தலையைச் சொறிந்தான். பின்பக்கக் கொட்டகையில், கப்பலில் வந்த இரும்புப் பெட்டகங்களைத் திறந்து, ட்ரம்மும் டயரும் மெத்தையும் இறக்கிப் பிரித்து அடுக்குவதுதான் அவன் வேலை. ஆள் பனைமரம் மாதிரி இருப்பான். ஆனால் சின்னத் திருகாணியைக் கையில் கொடுத்தால் கல்யாணப் பெண்ணைத் தொடுவதுபோல் தொடுவான். அது சியோசையாவுக்குத் தெரியும்.

"கடலுக்கடியில போற கேபிள் மறுபடி அறுந்தா?" என்று மெத்தைக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்த ஃபெலேதி கேட்டான். அந்தக் கொட்டகையில் வாய்க்குப் பூட்டே இல்லாத ஆள் அவன்தான்.

"அறுந்தா உன்னை நீந்திப் போய் சேதி சொல்லச் சொல்றேன். போய் வேலையைப் பாரு."

மொத்தம் நாலு போன். ஒன்று முதலாளிக்கு, ஒன்று வாசல் கவுன்டரில் இருக்கிற வீகாவுக்கு, ஒன்று கொட்டகைக்கு. நாலாவது, ரசீதும் சுங்கத்தாளும் பார்க்கிற லேசியெலியின் அறைக்கு. லேசியெலி மனாசேயின் கூடப்பிறந்த அக்கா.

மனாசே குறிப்புப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தான். விஷயம் பெரிதாக ஒன்றும் இல்லை. சுவரில் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒவ்வொரு போனுக்கும் ஒரு நீலக் கேபிள். கரண்டும் பேச்சும் அந்த ஒரே கேபிளில் போகின்றன. சொருகியதும் போன் கண்விழித்து, தன் திரையில் ஒரு எண்ணைக் காட்டும். அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினால் போதும். எந்தப் போனுக்கு என்ன பெயர், எந்த பட்டன் யாரைக் கூப்பிட வேண்டும், யார் கூப்பிட்டால் எங்கே மணியடிக்க வேண்டும், எல்லாவற்றையும் கொட்டகையில் உட்கார்ந்தபடியே ஆட்டிவைக்கலாம்.

இது அவனுக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. அக்காவின் அறைக்குள் அவன் கால் வைக்க முடியாது. மீசை அரும்பிய வயதில் அக்கா படுக்கிற வீட்டைவிட்டுக் கொல்லைக் குடிசைக்குப் படுக்கப் போனவன், அப்புறம் இன்றுவரை அவளோடு ஒரே கூரைக்குக் கீழே தூங்கியதில்லை. அவள் உட்காரும் நாற்காலியில் உட்கார மாட்டான். அவள் காதுபட ஒரு வேண்டாத வார்த்தை பேச மாட்டான், பிறரைப் பேசவும் விடமாட்டான். எங்கேயாவது நாலு பேர் காதல் கீதல் என்று இளிக்க ஆரம்பித்தால், யாராவது ஒருவர் "அக்கா தம்பி இருக்காங்கப்பா" என்று சொன்னால் போதும், பேச்சு கத்தரித்தாற்போல் நின்றுவிடும். ஊருக்கே அப்படித்தான், மனாசே கொஞ்சம் கூடுதல்.

ஆகவே அவன் வராந்தாவில், அவள் ஜன்னலுக்கு வெளியே, கடலைப் பார்த்தபடி நின்றுகொண்டான்.

"அக்கா, நீலக் கேபிளை போனுக்குப் பின்னாடி சொருகுங்க."

"ரெண்டு ஓட்டை இருக்கே தம்பி."

"கம்ப்யூட்டர் படம் போட்டிருக்கிறது வேண்டாம். இன்னொண்ணு."

"சொருகிட்டேன். அட, முழிச்சுக்கிச்சு! ஏதோ நம்பர் காட்டுது."

அவள் படிக்கப் படிக்க அவன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

"பக்கத்துல வரிசையா பட்டன் இருக்கில்ல? மேல் பட்டன் யாருக்கு வைக்கட்டும் அக்கா?"

"அப்பாவுக்கு வை. என்னை வேற யாரு கூப்பிடறாங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவனும் சிரித்துக்கொண்டேதான் போனான்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோயில் ஒரு கால் போய்விட்டது. வாய் மட்டும் போகவில்லை. வீட்டில் படுக்கைக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அலுவலகத்துக்கு அடிப்பார். ரேடியோ எங்கே, பன்றி வேலியைப் பிய்க்கிறது, மாத்திரை எது, பாதிரியார் வந்தாரே என்ன சொல்லி அனுப்ப? லேசியெலி ஒவ்வொன்றுக்கும் முதல் தடவை கேட்பதுபோலவே பதில் சொல்வாள். அம்மா போனதிலிருந்து அந்த வீட்டில் அப்பாவும் அவளும்தான். மனாசே பெண்டாட்டி பிள்ளைகளோடு நாலு வீடு தள்ளி இருந்தான். கிழங்கும் மீனும் கூடையோடு கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வருவான். பார்த்துக்கொள்வது என்றால் அது அக்காதான்.

கடைசியாக அவன் ஒரு வேலை செய்தான். பெட்டகம் திறக்கும்போது கையெல்லாம் கிரீஸ். அவள் ரசீது பார்க்கும்போது அவள் கையும் சும்மா இருக்காது. கொட்டகையிலிருந்து கூப்பிட்டால் அவள் போன் தானாகவே திறந்துகொண்டு ஸ்பீக்கரில் பேசும்படி வைத்தான். யாரும் யாரிடமும் நடக்க வேண்டாம். அவனும் அந்த வாசலில் போய் நிற்க வேண்டாம். திறக்கும்முன் 'பீப்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். முதலாளி போனில் வைத்துப் பார்த்தான், ஜோராக வந்தது. அக்கா போனில் அந்தச் சத்தத்துக்கான கட்டத்தில் குறி போட மறந்துபோனான். போன் மாட்டுகிற எவனும் கடைசியில் அந்த நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து சரிபார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். மனாசே உட்காரவில்லை. அந்த நாற்காலி முதுகில், மரியாதைக்காக உடைமேல் சுற்றிக் கட்டுகிற அவள் இடுப்புப் பாய் மடித்துக் கிடந்தது. அவன் எப்படி உட்காருவான்?

அன்று மத்தியானம் பெட்டகம் திறந்ததும், ஒரு ட்ரம்மில் பெயர் அழிந்திருந்தது. யாருடையது என்று அக்காவிடம் கேட்க, மனாசே முழங்கையால் பட்டனை அழுத்தினான். ஃபெலேதியும் மற்ற இரண்டு பேரும் புதுப் போன் எப்படிப் பேசுகிறது பார்ப்போம் என்று கிட்டே வந்தார்கள்.

அக்காவின் குரல் வந்தது. ஆனால் அவனிடம் இல்லை.

"வெள்ளிக்கிழமை படகுல அவர் வருவாரு. முடியாதுன்னு சொல்லிடப் போறேன் வீகா."

"பைத்தியமாடி உனக்கு? தனியேலா மாதிரி மனுஷன் எங்க கிடைப்பான்? பெண்டாட்டி செத்து இத்தனை வருஷம் எவளையும் ஏறிட்டுப் பார்க்காதவன், படகு தவறாம உனக்கு ரொட்டி சுட்டு அனுப்புறான்."

"ரொட்டி நல்லாத்தான் இருக்கு."

"நாங்களும்தானே திங்கறோம், தெரியாதா! அப்புறம் என்ன கேடு?"

"நான் அவரோட ஹாபாய்த் தீவுக்குப் போயிட்டா அப்பாவை யாரு பார்ப்பா?"

"மனாசேகிட்ட கேளு. நீ அக்கா. நீ வாயைத் திறந்து கேட்டா அவன் இல்லைன்னு சொல்லிட முடியுமா?"

கொட்டகையில் 'அக்கா தம்பி இருக்காங்கப்பா' என்று சொல்லவும் வழியில்லை. சொன்னால் அது அந்த அறையில் போய் விழும். ஃபெலேதி தோளிலிருந்த மெத்தையைப் பிள்ளையைக் கிடத்துவதுபோல் தரையில் கிடத்தினான். தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். பின்னாலேயே மற்ற இரண்டு பேரும் போனார்கள்.

"முடியாதுல்ல? அதனாலதான் கேட்கல," என்றாள் லேசியெலி. "இல்லைன்னு சொல்ல முடியாதவன்கிட்ட கேட்கறது என்ன கேள்வி? அது பிடுங்கறதுடி. அவனுக்குப் பெண்டாட்டி இருக்கா, நாலு பிள்ளைங்க இருக்கு. நான் கேட்டா மறுபேச்சில்லாம செய்வான். மனசுக்குள்ள என்ன நினைச்சான்னு எனக்குக் கடைசிவரைக்கும் தெரியாது."

பிறகு மெதுவாக, "எனக்கு அந்த மனுஷனைப் பிடிச்சிருக்கு வீகா. ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றாள்.

மனாசே அப்போதுதான் கட்டைவிரலால் போனை அணைத்தான். முதல் வார்த்தையிலேயே அணைத்திருக்க வேண்டும். அணைக்கவில்லை. பட்டன்மேல் கிரீஸ் ரேகை பதிந்து நின்றது. அதைச் சட்டையால் துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, தானாகத் திறக்கும் அந்த ஏற்பாட்டை எடுத்துப்போட்டான்.

ஃபெலேதி திரும்பி வந்தபோது ஒரு கேலி இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. "இந்த ட்ரம் சாயம் போயிருக்கு, கழுவிப் பார்க்கட்டுமா?" என்று மட்டும் கேட்டான். சாகிறவரைக்கும் அவன் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டான் என்று மனாசேக்குத் தெரிந்தது. அவனிடம் அப்படி மூடிக்கொள்ளத் தெரிந்த ஒரு வாய் இருக்கும் என்று அதுவரை தெரியாது.

சாயங்காலம் வீட்டில் அவன் பெண்டாட்டி கலோலைனே சேப்பங்கிழங்கு இலையை அடுக்கி, டின் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் எதிரே உட்கார்ந்து ஒரு இலையை எடுத்துக் கிழித்துக்கொண்டிருந்தான்.

"இலையைக் கிழிக்காதீங்க. அதுல ஏன் கோபத்தைக் காட்டறீங்க?" என்றாள் அவள்.

"கோபமில்ல. நாம அப்பா வீட்டுக்குக் குடிபோனா உனக்குக் கஷ்டமா இருக்குமா?"

கலோலைனேயின் கை நின்றது. புருஷன் முகத்தைப் பார்த்தாள். எதையும் கேட்டுத் துருவவில்லை. நல்ல பெண்.

"உங்கப்பா என் சமையலைக் குறை சொல்வாரு."

"சொல்வாரு."

"சொல்லட்டும். எங்கப்பாவும் அப்படித்தான் இருந்தாரு. பிள்ளைங்களுக்கு அந்தக் கறிப்பலா மரம்னா உசிரு." மறுபடி கட்ட ஆரம்பித்தாள். "ஆனா அக்கா இருக்கிற வீட்டுல நீங்க எப்படி வந்து இருப்பீங்க?"

அங்கேதான் முட்டியது. அப்பா அந்த வீட்டைவிட்டு நகர மாட்டார். அம்மாவைப் புதைத்த இடம் அவர் ஜன்னலிலிருந்து தெரிகிறது. அக்கா இருக்கிற வீட்டில் மனாசே படுக்க முடியாது. அப்படியிருக்க, 'அப்பாவை நான் பார்த்துக்கறேன், அங்கேயே வந்துடறேன்' என்று சொன்னால், அதற்கு என்ன அர்த்தம்? 'நீ கிளம்பு' என்று அர்த்தம். பெற்ற வீட்டிலிருந்து அக்காவைத் துரத்துகிற தம்பி இந்தத் தீவில் இன்னும் பிறக்கவில்லை.

"நான் போய் நைசா சொல்லட்டுமா?" என்றாள் கலோலைனே.

"என்னன்னு சொல்லுவ? உங்க தம்பி ஒட்டுக்கேட்டான்னா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவளோ கேட்காததுபோல் இலைக் கட்டுக்கு முடிச்சுப் போட்டாள்.

அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அக்கா கேட்டதைக் கொடுக்க வேண்டும் என்பது அவன் தாய்ப்பாலோடு குடித்த சட்டம். அவன் சட்டை, அவன் மீன், அவன் பன்றி, எதையும் அவள் கேட்கலாம். ஊரில் மற்ற அக்காமார் கேட்கிறார்கள்; தம்பிமார் முணுமுணுத்துக்கொண்டே கொடுக்கிறார்கள். லேசியெலி ஒரு துரும்பைக்கூட இதுவரை கேட்டதில்லை. அவள் கேட்காததை அவன் தன் அதிர்ஷ்டம் என்று நினைத்து வந்திருக்கிறான். எவ்வளவு பெரிய மடையன்! கேட்டால் மறுக்க முடியாதே என்று அவனுக்காக அவள் வாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நினைக்க நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

சொல்லவும் கூடாது, சொல்லாமலும் இருக்கக் கூடாது. அதோடு, அவள் வேண்டாம் என்று நினைத்தால் வாய் திறக்காமலே வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி இருக்க வேண்டும். அவனுக்கு இல்லாத அந்த வசதி அவளுக்காவது இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் வந்து, கொட்டகைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். யார் கூப்பிட்டால் எங்கே மணியடிக்க வேண்டும் என்கிற பக்கத்தைத் திறந்தான். அப்பா வீட்டு எண்ணுக்கு எதிரே 'லேசியெலி' என்று இருந்தது. அதை அழித்துவிட்டு 'கொட்டகை' என்று போட்டான். பிறகு அக்கா போனில் மேல் பட்டனுக்கு நேர் கீழே இன்னொரு பட்டனை வைத்து, 'அப்பா, திரும்ப எனக்கு' என்று பெயர் எழுதினான். அதை ஒரு தரம் அழுத்தினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். யாரிடமும் சொல்ல வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம்.

சேமித்துவிட்டு எழுந்தான். அவள் இதைத் தப்பாக எடுத்துக்கொண்டால்? என் அப்பாவை என்னிடமிருந்து பிடுங்குகிறான், நான் வேண்டாதவளாகிவிட்டேன் என்று நினைத்துவிட்டால்? போன் மாட்டத் தெரிந்த திமிரில் குடும்பத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று பயந்துபோய் மறுபடி உட்கார்ந்தான். மாற்றிவிடலாம் என்று கையை நீட்டினான். அதற்குள் மணி அடித்தது.

"லேசியெலி!"

"அப்பா, நான் மனாசே."

"நீ ஏன் எடுக்கற? அவளுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. வேலையா இருக்காங்க. எங்கிட்ட சொல்லுங்க."

"உங்கிட்ட சொல்றதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல," என்று வைத்துவிட்டார். வைத்த கையோடு மறுபடி அடித்தார். "இப்பவும் நீதானா? எழவு. பன்னி வேலியைப் பிச்சுடுச்சு."

"சாயங்காலம் வந்து கட்டறேன்."

"நீ கட்டி நான் பார்த்ததில்லையே."

"இன்னிக்குப் பாருங்க."

ஃபெலேதி காதில் விழாததுபோல் டயரை உருட்டிக்கொண்டு போனான்.

காலை முழுக்க இப்படியே போயிற்று. அக்காவின் அறைப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கொட்டகை போன் பேசும்போதெல்லாம் அவள் போனில் 'கொட்டகை' என்கிற பட்டன் சிவப்பாக எரியும். அது மனாசேக்குத் தெரியும். பார்த்திருப்பாள். அப்பா ஏன் கூப்பிடவில்லை என்று யோசித்திருப்பாள். கீழே புதிதாக வந்திருக்கிற பட்டனைப் படித்திருப்பாள். ஒவ்வொரு தரம் மணி நிற்கும்போதும், இனி அடிக்காது, அவள் அழுத்திவிட்டாள் என்றே நினைத்தான். மறுபடி அடித்தது.

மத்தியானச் சாப்பாட்டு வேளைக்கு அப்பா கேட்டது வேறு.

"மாத்திரை எது?"

மனாசே விழித்தான். "எந்த மாத்திரை?"

"அதைத்தாண்டா நான் கேட்கறேன்! மூணு டப்பா இருக்கு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. தப்பா முழுங்கிச் செத்தா நீ பதில் சொல்வியா?"

நாலு வீடு தள்ளி இருக்கிறவன், அப்பா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியாமல் நின்றான். அந்த நேரம் பார்த்து, போனில் இரண்டாவது லைன் மினுங்கியது. திரையில் பெயர் வந்தது. லேசியெலி.

"ஒரு நிமிஷம் இருங்கப்பா," என்று அவரை நிறுத்திவைத்துவிட்டு, இரண்டாவது பட்டனை அழுத்தினான். அவர் காதில் இப்போது சர்ச் பாடல் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. மனாசே அப்படியே நின்றான். இடுப்புப் பாய் சரியாகக் கட்டியிருக்கிறதா என்று கை தானாகத் தொட்டுப் பார்த்தது.

"பச்சை மூடி சாப்பாட்டுக்கு முன்னாடி," என்றாள் லேசியெலி. "வெள்ளை மூடி சாப்பிட்டப்புறம். மூணாவது தூங்கப் போறப்போ, அதைப் பகல்ல கொடுத்துடாதே."

"சரிக்கா."

"சூப்புக்கு உப்பு கேட்பாரு. போடாதே. கத்துவாரு."

"கத்தட்டும்."

"கத்தி முடிச்சா பாடச் சொல்வாரு. அம்மா பாடின பாட்டு. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்க்கா." அவன் குரல் கரகரத்தது. பழைய போனாக இருந்திருந்தால் கம்பியின்மேல் பழியைப் போட்டிருக்கலாம்.

துறைமுகப் பக்கம் ஹாபாய்ப் படகு ஊதியது. கொட்டகை வாசல் வழியாக ஒரு தரமும், போனுக்குள் அவள் ஜன்னல் வழியாக ஒரு தரமும் அவனுக்குக் கேட்டது.

"தம்பி."

"சொல்லுங்கக்கா."

"அந்தக் கீழ் பட்டனை எடுத்துடு. எனக்கு வேண்டாம்."

மனாசேக்குக் கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. கையெல்லாம் கிரீஸ் என்பதால் துடைக்கவும் முடியவில்லை.

"கொஞ்சம் வெளியே போறேன்," என்றாள். "படகு வந்திருக்கு."

"போயிட்டு வாங்கக்கா."

அவள் வைக்கும்வரை காத்திருந்தான். அவளுக்கு முன்னால் அவன் எப்போதும் வைத்ததில்லை. அவள் வைத்தாள். வராந்தாவில் செருப்புச் சத்தம் படியிறங்கித் துறைமுகப் பக்கம் போயிற்று. அவன் எட்டிப் பார்க்கவில்லை. மினுங்கிக்கொண்டிருந்த முதல் பட்டனை அழுத்தினான்.

"டேய், எங்கடா தொலைஞ்ச? பாட்டைப் போட்டுட்டுப் போயிட்டியா?"

"இங்கதான் இருக்கேன் அப்பா. பச்சை மூடி டப்பாவை எடுங்க. அது சாப்பாட்டுக்கு முன்னாடி."